‘ஏன் ஏத்துனாங்க?’

என் அண்ணன் சாத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வயது 68. அண்ணிக்கு 63. இருவருக்கும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, பதினான்கு வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டி வருகிறார். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை, அண்ணியின் கண்புரை ஆபரேஷனுக்கு, கிளெய்ம் வாங்கியிருக்கிறார். 2023-இல் அவர் கட்டிய பிரீமியம் 52,310 ரூபாய். 2024 நவம்பரில் வந்த ரினியூவல் நோட்டீஸில் 78,940 ரூபாய் என்று இருந்தது.

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தார். “ஏம்மா, நீ முப்பத்து நாலு வருசம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தவதானே? ஒரே அடியா இருபத்தாறாயிரம் ஏத்திருக்கான். நான் கட்ட மாட்டேன்னு சொல்லல. ஏன் ஏத்துனாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”

கேட்டேன். ஏஜென்ட் தம்பி, “மேல இருந்தே ரேட் மாத்திட்டாங்க மேடம், எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார். கால் சென்டரில் பேசிய பெண், மருத்துவச் செலவு கூடிவிட்டது என்றார். எழுதிக் கேட்டதற்கு, திருத்தப்பட்ட கட்டணப்படி பிரீமியம் கணக்கிடப்பட்டுள்ளது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த பாலிசியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், போன வருடம் வசூலான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஆஸ்பத்திரிக்குப் போனது எவ்வளவு, கமிஷனுக்கும் விளம்பரத்துக்கும் போனது எவ்வளவு என்று எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. முப்பத்து நாலு வருடம் பாலிசி எழுதியவள், உடன்பிறந்தவர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அது மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1984-இல், ஓர் அரசு பொதுக்காப்பீட்டு நிறுவனத்தில். பெரும்பகுதி சிவகாசியில். அப்போதெல்லாம் ரேட்டுக்கு ஒரு புத்தகம் இருந்தது. தீ விபத்துக்கு ஒரு டாரிஃப், வண்டிக்கு ஒரு டாரிஃப். மும்பையில் இருந்த டாரிஃப் ஆலோசனைக் குழு போட்டுக் கொடுத்த ரேட்டைத்தான் எல்லாக் கம்பெனியும் போட வேண்டும். தீப்பெட்டி ஆபீஸுக்கு ஒன்று, பட்டாசுக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று என்று வரி வரியாக இருக்கும். எங்கள் கவுன்டரில் அந்தப் புத்தகத்தின் ஓரங்கள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு நாள், சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்திய ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். தன் தொழிலுக்கான வரியைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தார். “எம்மா, எங்க கிட்டங்கியில பத்து வருசமா ஒரு குச்சிகூடத் தவறிப் பத்துனதில்ல. இந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு?” என்றார். “கமிட்டி போட்டது அண்ணாச்சி, எங்க கையில இல்ல” என்றேன். புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டு, பணத்தை எண்ணி வைத்தார். ரேட் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அந்த ரேட் பிறந்த கணக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

2007 ஜனவரி 1 முதல் அந்த டாரிஃப் முறை போனது. போட்டி வந்தால் விலை குறையும் என்றார்கள். ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் தீக்காப்பீட்டு ரேட் குறையத்தான் செய்தது. பெரிய வாடிக்கையாளர் பேரம் பேசுவார். ஒத்துவராவிட்டால் வேறு கம்பெனிக்குப் போவார். என் அண்ணன் எங்கே போவார்? மருத்துவ பாலிசியைக் கம்பெனி விட்டுக் கம்பெனி மாற்றிக்கொள்ளும் வசதி 2011 முதல் இருக்கிறது. ஆனால் 68 வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவரை ஏற்பதா வேண்டாமா என்பது புதுக் கம்பெனியின் இஷ்டம். இளவயதிலேயே கட்டத் தொடங்கி, வயதானபின் விட முடியாமல் மாட்டிக்கொள்கிறவருக்குப் போட்டியால் ஒரு பிரயோசனமும் இல்லை. கேள்வி கேட்கும் இடமாவது அவருக்கு இருக்க வேண்டும்.

அப்படி ஓர் இடம் சட்டப்படியே இருப்பதை, கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன்.

2025 பிப்ரவரியில் போனேன். மகள் இருப்பது சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே, எல் டொராடோ ஹில்ஸ் என்ற ஊரில். பக்கத்து ஃபால்சம் ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருப்பதால் நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே குடியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் பச்சையாகக் கிடக்கும் குன்றுகள் மே மாதத்துக்கு மேல் வைக்கோல் நிறமாகிவிடும். ஒரு பொறி போதும். அந்த வருட ஜனவரியில்தான் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு காட்டுத்தீயில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்திருந்தன. வீட்டுக் காப்பீட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மகளின் ரினியூவல் நோட்டீஸும் நான் இருக்கும்போதே வந்தது. ரேட் கூடித்தான் இருந்தது. ஆனால் அதோடு இன்னொரு தாளும் இருந்தது. அவள் வீட்டுக்குக் காட்டுத்தீ ஆபத்து மதிப்பெண் எவ்வளவு, அது ஏன் அப்படி, என்ன செய்தால் குறையும், மதிப்பெண் தவறு என்று தோன்றினால் எப்படி மேல்முறையீடு செய்வது என்று அதில் எழுதியிருந்தது. 2022-இல் அந்த மாநிலம் கொண்டுவந்த விதி இது. தீக்கு எதிராக வீட்டைப் பலப்படுத்துகிறவருக்குத் தள்ளுபடி தந்தாக வேண்டும்; மதிப்பெண்ணையும் சொல்லியாக வேண்டும். சுவரை ஒட்டி ஐந்தடிக்குள் எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்பது அந்தப் பட்டியலில் ஒன்று. ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையும் மகளும் சுவரோரம் பரப்பியிருந்த மரப்பட்டைத் துகளை வாரி எடுத்துவிட்டுச் சரளைக்கல் கொட்டினார்கள். நான் பைப்பைப் பிடித்துக் கல்லைக் கழுவிவிட்டேன். படம் எடுத்து அனுப்பினார்கள், தள்ளுபடி கிடைத்தது. காரணத்தைச் சொன்னால் கட்டுகிறவர் புலம்புவதோடு நிற்பதில்லை, ஆக வேண்டிய வேலையைப் பார்க்கிறார். எங்கள் தொழிலில் ஆபத்தைக் குறைப்பது என்று எதைச் சொல்கிறோமோ, அது அந்த ஒரு தாளால் நடந்தது.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை, “அத்தை, இங்க கம்பெனி ரேட் ஏத்தணும்னு போடுற மனுவையே நாம படிக்கலாம்” என்று லேப்டாப்பில் திறந்து காட்டினார். மாநிலக் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தில், ஒரு கம்பெனி கொடுத்த மனு. பல நூறு பக்கம். வருடவாரியாக வசூலான பிரீமியம், கொடுத்த இழப்பீடு, இன்னும் கொடுக்க வேண்டியது, நிர்வாகச் செலவு, எதிர்பார்க்கும் லாபம், ஒவ்வொன்றும் தனித்தனிப் பத்தியில். துறை அதிகாரி கேட்ட கேள்விகளும் கம்பெனி சொன்ன பதில்களும் கீழே. பெரிய அதிகாரிகளின் பீரோவில் பூட்டி வைக்கும் சங்கதி அத்தனையும் சாப்பாட்டு மேசையில் விரிந்து கிடந்தது. நான் நடு ராத்திரி வரை படித்தேன்.

அதில் ஒரு பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ரேட் கணக்கில் சேர்க்கக் கூடாத செலவுகளின் பக்கம் அது. அரசியல் நன்கொடை, சட்டசபையில் ஆதரவு திரட்டும் செலவு, கம்பெனியின் பெயரை மட்டும் பெருமையாகச் சொல்லும் விளம்பரம், அபராதம், வரம்பு மீறிய மேலதிகாரி சம்பளம், நியாயமான கிளெய்மை வஞ்சகமாக மறுத்துக் கோர்ட்டில் தோற்றுக் கட்டிய தொகை ஆகியவற்றைக் கம்பெனி தன் லாபத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும்; பாலிசிதாரர் தலையில் ஏற்றக் கூடாது. நம் ஊரில் இந்தச் செலவெல்லாம் யார் தலையில் விழுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை. 1988 நவம்பர் 8 அன்று கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது. ‘103-ஆவது முன்மொழிவு’ என்று பெயர். அந்த மாநிலத்தில் போதுமான கையெழுத்துத் திரட்டினால், பொதுமக்களே ஒரு சட்டத்தை நேராக ஓட்டுக்கு விடலாம். அதற்கு முன்னால் அங்கே 1947-ஆம் வருடச் சட்டப்படி, கம்பெனிகள் யாரிடமும் அனுமதி வாங்காமல் ரேட் போட்டுவந்தன. கார் வைத்திருந்தால் காப்பீடு கட்டாயம். ரேட்டோ கம்பெனி வைத்தது. ஒரு தப்பும் செய்யாமல் வண்டி ஓட்டுகிறவரும், குடியிருக்கும் தெருவின் பின்கோடு காரணமாகக் கூடுதலாகக் கட்டினார். ஹார்வி ரோசன்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் ஒரு சட்டம் எழுதினார். நுகர்வோருக்காக ஆயுள் முழுக்கப் போராடிய ரால்ஃப் நேடர் துணை நின்றார். அந்தத் தேர்தலில் காப்பீடு பற்றி மட்டும் ஐந்து முன்மொழிவுகள் ஓட்டுச்சீட்டில் இருந்தன. கம்பெனிகள் 6 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. எண்ணி முடித்தபோது, ஐந்தில் 103 மட்டுமே ஜெயித்தது, 51 விழுக்காடு ஓட்டில்.

ரேட்டை 20 விழுக்காடு குறைக்கச் சொன்னது அந்தச் சட்டம். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1989-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்று, ஆனால் கம்பெனிக்கு நியாயமான வருமானம் கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும் என்றது. பணத்தைத் திருப்பித் தரும் விதிகள் மீதான வழக்கு 1994-இல் முடிந்தது. கடைசியில் பாலிசிதாரர்களுக்கு 100 கோடி டாலருக்கு மேல் திரும்பக் கிடைத்தது. அதுவரை ஆளுநர் நியமித்துவந்த காப்பீட்டு ஆணையரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறையும் இதோடு வந்தது. 1990-இல் ஜெயித்த ஜான் கராமெண்டிதான் அப்படி வந்த முதல் ஆணையர்.

பணம் திரும்பி வந்ததைத்தான் பலரும் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சட்டத்தின் மூன்று சின்னப் பிரிவுகள்தான் உயிர்நாடியாகப் படுகின்றன. முதலாவது, ரேட்டை மாற்றும் முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த ரேட் அதிகமாகவும் இருக்கக் கூடாது, பாரபட்சமாகவும் இருக்கக் கூடாது, போதாததாகவும் இருக்கக் கூடாது. இந்தப் போதாதது என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். குறைந்த ரேட்டில் வசூலித்துவிட்டு, வெள்ளம் வந்தபோது கை விரிக்கும் கம்பெனியால் யாருக்கும் லாபமில்லை. இரண்டாவது, ரேட்டுக்காக ஆணையரிடம் கொடுக்கும் தகவல் முழுவதும் பொதுமக்கள் பார்வைக்கு. மனு வந்ததும் அறிவிப்பு வெளியாகும். 45 நாளுக்குள் எந்த நுகர்வோரும் விசாரணை வேண்டும் என்று கேட்கலாம். வீடு, கார் போன்ற தனிநபர் பாலிசியில் 7 விழுக்காட்டுக்கு மேல் உயர்வு கேட்டு, அதற்கு ஒருவர் முறைப்படி விசாரணை கோரினால், நடத்தியே ஆக வேண்டும். இந்த எல்லைக்குப் பயந்தே, 6.9 விழுக்காடு போதும் என்று கேட்ட கம்பெனிகள் பல.

மூன்றாவதுதான் நான் எங்கும் கேள்விப்படாதது. விசாரணையில் நுகர்வோர் சார்பில் கலந்துகொண்டு, முடிவுக்கு உருப்படியாகப் பங்களித்தவருக்கு, வக்கீல் செலவும் நிபுணர் செலவும் கம்பெனியே கொடுக்க வேண்டும். ஏன் இது முக்கியம் என்றால், ரேட் மனுவை எதிர்த்துப் பேச ஆவேசம் போதாது. ஆக்சுவரி, அதாவது காப்பீட்டுக் கணக்கு நிபுணர், வேண்டும். இழப்பீட்டுப் போக்கை அடுத்த வருடத்துக்கு நீட்டும்போது எந்த வருடங்களை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். கம்பெனியின் ஆக்சுவரிக்குப் பாலிசிதாரரின் பிரீமியத்திலிருந்துதான் சம்பளம் போகிறது. பாலிசிதாரருக்காகப் பேசும் ஆக்சுவரிக்கும் அங்கிருந்தே போகட்டும் என்பதில் என்ன தவறு?

கார் காப்பீட்டில் இதன் பலன் கண்கூடு. அங்கே ரேட் போடும்போது முதலில் ஓட்டுநரின் விபத்து, விதிமீறல் சரித்திரம், அடுத்து வருடத்துக்கு ஓட்டும் தூரம், அடுத்து எத்தனை வருட அனுபவம். இந்த வரிசையில்தான் முக்கியத்துவம் தர வேண்டும். ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு 20 விழுக்காடு தள்ளுபடி. 1989-லிருந்து 2010 வரை அமெரிக்கா முழுக்கக் கார் காப்பீட்டுச் செலவு சராசரியாக 40 விழுக்காட்டுக்கு மேல் கூடியபோது, கலிபோர்னியாவில் அது கூடவில்லை என்று அமெரிக்க நுகர்வோர் கூட்டமைப்பு 2013-இல் கணக்குக் காட்டியது.

வீட்டுக் காப்பீட்டின் கதை இவ்வளவு சுலபமில்லை. பேரிடர் இழப்பைக் குறைந்தது இருபது வருடச் சராசரி எடுத்துத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது பழைய விதி. 2018-இல் பாரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் இறந்தார்கள். இப்படி அடுத்தடுத்து வந்த தீயின் வேகத்துக்குப் பழைய சராசரி ஈடுகொடுக்கவில்லை என்கின்றன கம்பெனிகள். மனு மாதக்கணக்கில் இழுக்கிறது, தலையிடுகிறவர்கள் தாமதப்படுத்துகிறார்கள் என்றும் குறை சொல்கின்றன. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். கட்டுப்படியாகாத ரேட்டில் பாலிசி எழுதச் சொன்னால் கம்பெனி கடையைக் கட்டிவிடும். அங்கே அது நடந்தது. 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் என்ற பெரிய கம்பெனி அந்த மாநிலத்தில் புது வீட்டு பாலிசி எழுதுவதை நிறுத்தியது. மறு வருடம் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. விடப்பட்டவர்களுக்குக் கடைசிப் புகலிடமாக 1968-இல் ஏற்படுத்தப்பட்ட ‘ஃபேர் பிளான்’ இருக்கிறது. பிரீமியமும் அதிகம், தீ தவிர மற்ற பலவற்றுக்குத் தனி பாலிசியும் எடுக்க வேண்டும்.

அதே ஸ்டேட் ஃபார்ம், லாஸ் ஏஞ்சலஸ் தீக்குப் பின் 22 விழுக்காடு அவசர உயர்வு கேட்டது. என் மகளின் கம்பெனி அது இல்லை. ஆனாலும் நான் அங்கிருந்த மாதங்களில் நடந்ததால் காகிதங்களை விடாமல் படித்துவந்தேன். ஆணையர் ரிக்கார்டோ லாரா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மேலும் ஆதாரம் கேட்டார். பிறகு, விசாரணையில் நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தற்காலிகமாக ஏற்றார். ‘கன்ஸ்யூமர் வாட்ச்டாக்’ என்ற, ரோசன்ஃபீல்ட் தொடங்கிய அமைப்பு, சட்டம் கொடுத்த உரிமைப்படி தலையிட்டது. தாய்க் கம்பெனியிடம் அவ்வளவு பணம் இருக்கும்போது பாலிசிதாரர் ஏன் தாங்க வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. ஏப்ரலில் ஓக்லாந்தில் நிர்வாக நீதிபதி முன் விசாரணை நடந்தது. கம்பெனி அதிகாரிகள் சத்தியப் பிரமாணம் செய்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். மே 13 அன்று 17 விழுக்காடு என்று முடிவானது. கூடவே, தாய்க் கம்பெனி 40 கோடி டாலர் கடன் தர வேண்டும். பின்னால் முழு விசாரணையில் உயர்வு அதிகம் என்று தெரிந்தால், வாங்கியதை வட்டியோடு திருப்ப வேண்டும்.

17 விழுக்காடும் கட்டுகிறவர்களுக்குச் சுமைதான். நுகர்வோர் அமைப்புக்கு அந்த முடிவில் திருப்தி இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் மேசையில் உட்கார்ந்தார்கள், கணக்கு வெளியே வந்தது, கேள்விக்குப் பதில் ஏட்டில் ஏறியது.

இப்போது அங்கே புதுச் சிக்கல் ஒன்று கிளம்பியிருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த விதிப்படி, வருங்காலத் தீயைக் கம்ப்யூட்டர் மாதிரி வைத்துக் கணித்து ரேட்டில் சேர்க்கலாம். அந்த மாதிரிகள் தனியார் கம்பெனிகளின் சொத்து. உள்ளே எந்த எண்ணை எப்படிப் பெருக்குகிறார்கள் என்பதைத் தொழில் ரகசியம் என்பார்கள். எங்கள் சிவகாசி கவுன்டரில் புத்தகத்தை மூடி நகர்த்திய அந்த அண்ணாச்சிதான் நினைவுக்கு வந்தார். கமிட்டி இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர். எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உரிமையை அந்த மாநிலத்து மக்கள் இங்கே விட்டுக்கொடுத்தால், 1988-இல் வாங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பார்கள்.

மருத்துவக் காப்பீடு அந்த 103-க்குள் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதையும் சேர்க்க 2014-இல் இன்னொரு முன்மொழிவு ஓட்டுக்கு வந்து தோற்றது. ஆக, அண்ணனின் பிரச்சினைக்கு நேர் விடை கலிபோர்னியாவிலும் இல்லை. ஆனால் வழி அங்கே இருக்கிறது.

வழி நம்மிடமும் இருக்கிறது. 2003-ஆம் வருட மின்சாரச் சட்டப்படி, மின்கட்டணத்தை உயர்த்தும் மனுவைப் பத்திரிகையில் வெளியிட்டு, மக்களின் ஆட்சேபணையைக் கேட்ட பிறகுதான் ஆணையம் உத்தரவு போட முடியும். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. சாத்தூர் வியாபாரிகளோடு மதுரைக் கூட்டத்துக்கு அண்ணனும் போயிருந்தார். கடைக்கான நிரந்தரக் கட்டணத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். செப்டம்பர் 10 முதல் கட்டணம் ஏறத்தான் செய்தது. “பேசி என்னண்ணே ஆச்சு?” என்று அப்போது கேட்டேன். “ஏறுச்சு. ஆனா நாங்க கேட்டதையும் போட்டு, அதுக்கு அவங்க சொன்ன பதிலையும் உத்தரவுல எழுதிருக்காங்கம்மா. படிச்சேன்” என்றார். மூன்று வருடம் கழித்து, மகள் வீட்டு மேசையில் உட்கார்ந்து அந்த மனுவைப் படித்தபோதுதான், அண்ணன் சொன்னதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது.

வண்டிகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டிலும் கொஞ்சம் உண்டு. அதன் அடிப்படை ரேட்டை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், காப்பீட்டு ஆணையத்தைக் கலந்து நிர்ணயிக்கிறது. 2022 மார்ச்சில் வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டார்கள்; ஜூன் 1 முதல் புது ரேட் வந்தது. ஸ்கூட்டருக்கு எழுநூறு சொச்சம் ரூபாய் நிர்ணயிக்கக் கருத்துக் கேட்கிறோம். எழுபத்தெட்டாயிரத்துக்குக் கேட்பதில்லை.

ஹைதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தில் நுகர்வோருக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999-ஆம் வருடச் சட்டப்படி அமையும் ஆலோசனைக் குழுவில் நுகர்வோர் பிரதிநிதிகளும் உண்டு. விதிகளின் வரைவுக்குக் கருத்துக் கேட்கிறார்கள். கம்பெனிகள் தங்கள் மொத்தக் கணக்கை இணையதளத்தில் போட வேண்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு பாலிசியின் ரேட் ஏறும்போது, அதற்கான ஆக்சுவரி கணக்கைக் கட்டுகிறவர் பார்க்க முடியாது. 2022 ஜூன் முதல் பெரும்பாலான மருத்துவ பாலிசிகளுக்கு முன் அனுமதிகூடத் தேவையில்லை; முதலில் சந்தைக்குக் கொண்டுவரலாம், பிறகு ஆணையத்திடம் தாக்கல் செய்யலாம்.

2025 ஜனவரி 30 அன்று ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் மருத்துவ பிரீமியத்தை வருடத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால், முன்கூட்டியே ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்றது. அண்ணனுக்கு ஏறியது அதற்கு இரண்டு மாதம் முன்னால். அந்த உத்தரவை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தக் கலந்தாலோசனை மூடிய அறைக்குள். ஆணையத்தைக் கேட்க வேண்டும். கட்டுகிறவரைக் கேட்க வேண்டும் என்று இல்லை. 59 வயதுக்காரருக்கு அதுவும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நீங்கியதும் பெரிய ஆறுதல்தான். ஆனால் வரி போன இடத்தில் ரேட் ஏறிவந்து உட்காராமல் யார் பார்ப்பது?

தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன். மருத்துவச் செலவு உண்மையிலேயே ஏறுகிறது. வயதானவர்களின் கிளெய்ம் கூடத்தான் செய்யும். கணக்கு நியாயமாக இருந்தால் அதைக் காட்டுவதில் கம்பெனிக்கு நஷ்டம் எதுவும் இல்லை. 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்வு கேட்கும் ஒவ்வொரு மருத்துவ பாலிசிக்கும், அந்தக் கோரிக்கையும் கணக்கும் ஆணையத்தின் இணையதளத்தில் வர வேண்டும். முப்பது நாள் ஆட்சேபணைக்கு விட வேண்டும். மின்கட்டணத்துக்கு நடப்பதுபோல் நாலு ஊரில் கூட்டம் நடத்த வேண்டும். கம்பெனிகளிடம் வாங்கும் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பாலிசிதாரர் பக்கம் பேச ஒரு ஆக்சுவரியை அமர்த்த வேண்டும்.

அதுவரை நம்மால் ஆவது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக்கு ரினியூவல் நோட்டீஸ் வந்து, தொகை கூடியிருந்தால், பணத்தைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள், பாலிசியை விட்டுவிடாதீர்கள். கட்டிய கையோடு கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள்: இந்த பாலிசியில் கடந்த மூன்று வருடத்தில் வசூல் எவ்வளவு, கிளெய்ம் கொடுத்தது எவ்வளவு, உயர்வில் என் வயதுக்காக எவ்வளவு, எல்லாருக்கும் ஏற்றியது எவ்வளவு? பதில் வராவிட்டாலும், மழுப்பலாக வந்தாலும், ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்தில் புகாராகப் பதிவு செய்யுங்கள். 155255 என்ற எண்ணில் போனிலும் சொல்லலாம். ஆளுக்கொரு முனகலாக இருப்பது ஆயிரம் கடிதமாகப் போய்ச் சேர்ந்தால், ஆணையம் அதைக் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அண்ணன் இந்தக் கேள்விகளைத் தன் கையால் எழுதி, சாத்தூர் தபாலாபீஸில் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.